அனுப்பினேன், அனுப்பியிருக்கேன், அனுப்பியிருந்தேன்: இங்கிலீஷ் மெயில்ல எதுக்கு எந்த டென்ஸ்?

நைட்ஷிஃப்ட்

எல்லாருக்கும் வணக்கம். ஐடி சப்போர்ட் வேலை, கிளையன்ட் இங்கிலாந்துல. பன்னெண்டு டென்ஸும் அட்டவணையா மனப்பாடம். ஒரு வெர்பைக் கொடுத்தா பன்னெண்டு வடிவத்தையும் வரிசையா எழுதிடுவேன். ஆனா மெயில் எழுத உட்கார்ந்தா எதை எடுக்கிறதுன்னு கை நின்னுடுது. டீம் லீட் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பின வாக்கியங்கள் இவை. ஏன் தப்புன்னு அவர் எழுதல.

1. ‘ஐ ஹேவ் ஃபிக்ஸ்ட் த இஷ்யூ யெஸ்டர்டே.’
2. ‘ஐ ஹேட் சென்ட் யூ த லாக் ஃபைல் ஆன் மண்டே. ப்ளீஸ் செக்.’
3. ‘ஐ ஆம் ஹேண்ட்லிங் திஸ் சர்வர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்.’
4. ‘வீ வில் இன்ஃபார்ம் யூ ஒன்ஸ் இட் வில் பி டன்.’

முதல் வாக்கியத்துல நான் சொல்ல நினைச்சது, ‘நேத்தே சரி பண்ணியிருக்கேன்’. ‘இருக்கேன்’ வந்தா ‘ஹேவ்’ தானே? ரெண்டாவதுல ‘அனுப்பியிருந்தேன்’, அதனால ‘ஹேட்’. எங்க சறுக்குது?

கரும்பலகை

நீங்க கடைசியா கேட்ட ரெண்டு கேள்வியிலேயே வியாதி தெரியுது. ‘அனுப்பியிருக்கேன்’னா ‘ஹேவ் சென்ட்’, ‘அனுப்பியிருந்தேன்’னா ‘ஹேட் சென்ட்’னு பள்ளிக்கூட சார்ட் நமக்கு ஒட்டிக் கொடுத்துடுச்சு. பாதி இடத்துல அது பொருந்தும். மீதிப் பாதியிலதான் சிவப்புக் கோடு.

தமிழ்ல ‘இரு’ங்கிற துணைவினை எந்தக் காலச் சொல்லோடும் சண்டை போடாது. ‘நேத்து அனுப்பியிருக்கேன்’, ‘போன மாசமே சொல்லியிருக்கேன்’, ‘இந்தப் பாலத்தை 1914-ல திறந்திருக்காங்க’ எல்லாமே நல்ல தமிழ். இங்கிலீஷ்ல ‘ஹேவ்’ போட்ட வாக்கியம் பேருக்கேத்த மாதிரி பிரசன்ட் டென்ஸ்தான். பிரசன்ட் பெர்ஃபெக்ட்ங்கிற பேர்ல ‘பெர்ஃபெக்ட்’டை மட்டும் பிடிச்சுக்கிட்டு ‘பிரசன்ட்’டை நாம விட்டுடறோம். அது இப்போதைய நிலைமையைச் சொல்ற வாக்கியம். அதுக்குள்ள ‘யெஸ்டர்டே’வைக் கொண்டுவந்தா, நம்ம காதுக்கு ‘நேத்து வர்றேன்’ எப்படிக் கேட்குமோ அப்படித்தான் அவங்க காதுக்கும் கேட்கும்.

அதனால அட்டவணையை மூடி வெச்சுட்டு, மெயில் எழுதும்போது இந்த வரிசையில பாருங்க.

முதல்ல, வாக்கியத்துல காலச் சொல் இருக்கான்னு தேடுங்க. யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், ஆன் மண்டே, இன் 2019, அட் ஃபோர் பிஎம், டூ டேஸ் அகோ, ‘எப்போ’ன்னு கேட்கிற வென்: இதெல்லாம் கதவு மூடின காலம். இதுல ஒண்ணு இருந்தா சிம்பிள் பாஸ்ட், வேற யோசனையே வேண்டாம். ‘ஐ ஃபிக்ஸ்ட் த இஷ்யூ யெஸ்டர்டே.’ ‘வென் டிட் யூ ரீஸ்டார்ட் இட்?’ இதை ‘வென் ஹேவ் யூ ரீஸ்டார்டட் இட்?’னு கேட்கிறது நம்ம ஆட்கள் எழுதற மெயில்ல அடிக்கடி வர்ற தப்பு.

காலச் சொல் இல்லேன்னாலோ, இன்னும் முடியாத காலமா இருந்தாலோ (திஸ் வீக், ஸோ ஃபார், யெட், சின்ஸ் மண்டே மாதிரி), ரெண்டாவது கேள்வி: படிக்கிறவருக்கு வேண்டியது நடந்த சம்பவமா, இப்போ இருக்கிற நிலைமையா? ‘ஐ ஹேவ் ஃபிக்ஸ்ட் த இஷ்யூ’ன்னா ‘இப்போ சரியா இருக்கு, நீங்க பயன்படுத்தலாம்’னு செய்தி. எப்போ சரி பண்ணினேன்ங்கிறது அங்க முக்கியமே இல்ல. ரெண்டையும் சொல்லணும்னா ரெண்டு வாக்கியமா உடைங்க: ‘ஐ ஹேவ் ஃபிக்ஸ்ட் த இஷ்யூ. ஐ அப்ளைட் த பேட்ச் அட் சிக்ஸ் பிஎம் யெஸ்டர்டே.’ முதல் வாக்கியம் செய்தி, ரெண்டாவது விவரம். நேட்டிவ் ஆளுங்க எழுதற ஸ்டேட்டஸ் மெயில் நிறைய இப்படித்தான் போகும்: பிரசன்ட் பெர்ஃபெக்ட்ல தொடங்கி, அடுத்த வரியிலேயே சிம்பிள் பாஸ்டுக்கு இறங்கிடும்.

‘திஸ் மார்னிங்’ மட்டும் கடிகாரத்தைப் பார்த்து முடிவு பண்ணணும். காலைல பதினோரு மணிக்கு எழுதினா ‘ஐ ஹேவ் கால்ட் ஹிம் ட்வைஸ் திஸ் மார்னிங்’. சாயங்காலம் எழுதினா காலை முடிஞ்சு போச்சு, ‘ஐ கால்ட் ஹிம் ட்வைஸ் திஸ் மார்னிங்’.

இனி ‘ஹேட்’. தமிழ்ல ‘அனுப்பியிருந்தேன்’ ஒரு பணிவுச் சொல். ‘அனுப்பியிருந்தேனே, பாத்தீங்களா?’ன்னா நேரடியா இடிக்காம நினைவூட்டறோம். இங்கிலீஷ் ‘ஹேட்’டுக்கு அந்தப் பணிவு கிடையாது. அதோட முக்கிய வேலை ஒண்ணுதான்: இறந்த காலத்துல ஒரு இடத்துல நின்னுக்கிட்டு, அதுக்கும் முன்னாடி நடந்ததைத் திரும்பிப் பார்க்கிறது. ஹான்ஸ் ரைக்கன்பாக்ங்கிற தத்துவ அறிஞர் 1947-ல இதை மூணு புள்ளியா வெச்சு விளக்கினார்: பேசற நேரம், சம்பவ நேரம், நாம நின்னு பார்க்கிற நேரம். சிம்பிள் பாஸ்ட்ல நின்னு பார்க்கிற இடமும் சம்பவமும் ஒண்ணு, ரெண்டும் பேசற நேரத்துக்கு முன்னாடி. பிரசன்ட் பெர்ஃபெக்ட்ல சம்பவம் பின்னாடி கிடக்கு, நிக்கிறது இப்போ. பாஸ்ட் பெர்ஃபெக்ட்ல, அதாவது ‘ஹேட்’ போட்ட வாக்கியத்துல, மூணும் மூணு வேற இடம். மூணாவது புள்ளி இல்லாம ‘ஹேட்’ போட்டா வாக்கியம் அந்தரத்துல தொங்கும்.

உங்க ரெண்டாவது வாக்கியத்துல இருக்கிறது ஒரே சம்பவம். நின்னு பார்க்க வேற இடமில்ல. ‘ஐ சென்ட் யூ த லாக் ஃபைல் ஆன் மண்டே’ போதும். பணிவு வேணும்னா அதை அடுத்த வாக்கியத்துல வைங்க: ‘ஹேவ் யூ ஹேட் எ சான்ஸ் டு லுக் அட் இட்?’ இங்க காலச் சொல் இல்ல, கேட்கிறது இப்போதைய நிலைமையை. ‘ப்ளீஸ் செக்’கை விட இது எவ்வளவோ மேல்.

மூணாவதையும் நாலாவதையும் வேற யாராவது எடுத்துக்கோங்க.

தெக்கத்திக்காரன்

கரும்பலகை சார் கொஞ்சம் கறாரா சொல்றார்னு தோணுது. அமெரிக்காக்காரங்க ‘டிட் யூ ஈட் யெட்?’, ‘ஐ ஆல்ரெடி டிட்’னு சர்வ சாதாரணமா பேசறாங்க. நம்ம ஊர் இங்கிலீஷ் பேப்பர்லேயும் ‘த மினிஸ்டர் ஹேட் செட் ஆன் டியூஸ்டே’ன்னு அடிக்கடி பார்க்கலாம். எல்லாருக்கும் புரியுது. அப்புறம் என்ன?

கரும்பலகை

அமெரிக்க வழக்கு பத்தி நீங்க சொல்றது சரி. ஆனா அந்தத் தளர்வு எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க. ஜஸ்ட், ஆல்ரெடி, யெட் வர்ற இடத்துல பிரிட்டிஷ்காரங்க ‘ஹேவ்’ போடுவாங்க, அமெரிக்கர்கள் அதை விட்டுட்டு சிம்பிள் பாஸ்டும் போடுவாங்க. எதிர்த்திசையில, ‘யெஸ்டர்டே’ இருக்கிற இடத்துல ‘ஹேவ்’ போடறதை ரெண்டு பேருமே ஏத்துக்க மாட்டாங்க. அதனால சந்தேகம் வந்தா சிம்பிள் பாஸ்ட் பக்கம் சாயறது பாதுகாப்பு.

‘ஹேட்’ விஷயம் வேற. நமக்குள்ள எழுதிக்கிட்டா சேதாரம் இல்ல. வெளிநாட்டுக்காரர் படிக்கும்போது அர்த்தமே மாறலாம். ‘ஐ ஹேட் புக்ட் த மீட்டிங் ரூம்’னு எழுதி நிறுத்தினா அவர் ஒரு ‘பட்’டுக்காகக் காத்திருப்பார்: புக் பண்ணியிருந்தேன், ஆனா யாரோ ரத்து பண்ணிட்டாங்க போலன்னு. ‘ஐ ஹேட் ஹோப்ட்’, ‘ஐ ஹேட் பிளான்ட்’ ரெண்டுக்கும் ‘நினைச்சேன், நடக்கல’ங்கிற வாடை இன்னும் தூக்கல்.

சரியான இடத்துல ‘ஹேட்’டை விட்டாலும் ஆபத்துதான். சர்வர் 4:10-க்கு விழுந்தது. உங்க டீம் 4:15-க்குக் கவனிச்சது. கிளையன்ட்டோட புகார் 4:25-க்கு வந்தது. இதை ரெண்டு விதமா எழுதலாம்.

‘வென் த கம்ப்ளெயின்ட் கேம், வீ நோட்டிஸ்ட் த இஷ்யூ.’
‘வென் த கம்ப்ளெயின்ட் கேம், வீ ஹேட் ஆல்ரெடி நோட்டிஸ்ட் த இஷ்யூ.’

முதல் வாக்கியப்படி புகார் வந்த பிறகுதான் நீங்க முழிச்சீங்க. ரெண்டாவதுப்படி புகாருக்கு முன்னாடியே பார்த்துட்டீங்க. சர்வீஸ் ஒப்பந்தத்துல அபராதம் பேசற கூட்டத்துல இந்த ஒரு ‘ஹேட்’டுக்கு விலை உண்டு. ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ இருந்தா வரிசையை அந்தச் சொல்லே சொல்லிடும். ‘வீ நோட்டிஸ்ட் இட் பிஃபோர் த கம்ப்ளெயின்ட் கேம்’ சரியான வாக்கியம், அங்க ‘ஹேட்’ இருந்தாலும் குத்தமில்ல, இல்லேன்னாலும் குத்தமில்ல.

மெய்ப்பு

மூன்றாவது வாக்கியத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். இதில் இரண்டு தவறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன.

‘மூணு வருஷமா பார்க்கிறேன்’ என்று தமிழில் நிகழ்காலத்திலேயே சொல்லிவிடலாம். அன்று தொடங்கி இன்றுவரை நீள்வதை ‘-ஆ’ என்ற ஒட்டு தாங்கிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அந்த நீட்சியை வினைதான் காட்ட வேண்டும்: ‘ஐ ஹேவ் பீன் ஹேண்ட்லிங்’. இரண்டாவது தவறு ‘சின்ஸ்’. அதற்குப் பின்னால் தொடங்கிய புள்ளி வர வேண்டும்: சின்ஸ் 2021, சின்ஸ் மண்டே, சின்ஸ் ஐ ஜாயின்ட். கால அளவு வந்தால் ‘ஃபார்’. தமிழில் ‘-லேருந்து’ என்று வாயில் வந்தால் சின்ஸ், ‘-ஆ’ என்று வந்தால் ஃபார். இந்த ஒரு குறுக்குவழி ஏறக்குறைய எல்லா இடத்திலும் கைகொடுக்கும். ‘ஐ ஹேவ் பீன் ஹேண்ட்லிங் திஸ் சர்வர் ஃபார் த்ரீ இயர்ஸ்.’

இதே இடத்தில் பயோடேட்டா எழுதுகிறவர்கள் வழுக்கி விழுகிறார்கள். ‘ஐ ஹேவ் வொர்க்ட் இன் எ பேங்க் ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்று எழுதினால் இன்னும் அங்கேயே இருக்கிறீர்கள் என்றே பெரும்பாலும் பொருள்படும். விட்டு வந்த வேலை என்றால் ‘ஐ வொர்க்ட் இன் எ பேங்க் ஃபார் த்ரீ இயர்ஸ்’. நேர்முகத் தேர்வில் ‘நோட்டீஸ் பீரியட் எவ்வளவு?’ என்று கேட்டுவிட்டு, போன வருடமே விலகிவிட்டார் என்று தெரிந்தால் கேட்பவருக்குக் குழப்பம். தவறு வினையில்தான்.

நோ, நீட், வான்ட், அண்டர்ஸ்டாண்ட், பிலாங், கன்டெய்ன் போன்ற நிலைவினைகளுக்கு (செயலைச் சொல்லாமல் நிலையைச் சொல்லும் வினைகளுக்கு) பொதுவாக ‘-இங்’ ஒட்டாது. எனவே ‘ஐ ஹேவ் பீன் நோயிங் ஹிம்’ கிடையாது, ‘ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்’. இங்கே தமிழையே நம்பலாம். தெரியும், வேண்டும், புரியும், பிடிக்கும் என்பவற்றை யாராவது ‘-கொண்டிருக்கிறேன்’ சேர்த்துப் பேசுகிறோமா? ‘வேண்டிக்கொண்டிருக்கிறேன்’ என்றால் கோயிலில் நிற்கிறோம் என்று ஆகிவிடும். ஆங்கிலத்திலும் அப்படித்தான். நாம் அதிகம் மாட்டிக்கொள்வது ‘ஹேவ்’வில். ‘எனக்கு ரெண்டு அண்ணன் இருக்காங்க’ என்பதில் உள்ள ‘இருக்கு’ நம்மை ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ பக்கம் இழுத்துவிடுகிறது. உடைமை, உறவு, சந்தேகம், காய்ச்சல் எல்லாம் வெறும் ‘ஹேவ்’. சாப்பாடு, மீட்டிங், பேச்சு போல நடந்துகொண்டிருக்கும் செயல் என்றால் ‘ஹேவிங்’ சரி: ‘வீ ஆர் ஹேவிங் லன்ச்.’

நைட்ஷிஃப்ட்

ரொம்ப நன்றி சார், மேடம் எல்லாருக்கும். ரெண்டு சந்தேகம். ‘மேனேஜர் சென்னைக்குப் போயிருக்கார்’னா ‘ஹேஸ் கான்’ சரிதானே? அதே மாதிரி, ‘நேத்து யாரோ பாஸ்வேர்டை மாத்தியிருக்காங்க’, இதுல ‘யெஸ்டர்டே’ இருக்கு. ஆனா ‘சம்ஒன் சேஞ்ச்ட் த பாஸ்வேர்ட் யெஸ்டர்டே’ன்னா நான் கண்ணால பார்த்த மாதிரி ஆயிடுதே. நான் யூகம்தான் பண்றேன்.

கரும்பலகை

ரெண்டாவது கேள்வி அருமை, அதை முதல்ல எடுத்துக்கறேன். தமிழ் ‘இரு’வுக்கு இன்னொரு வேலை இருக்கு: தடயத்தைப் பார்த்து ஊகிக்கிறது. தரை ஈரமா இருக்கு, ‘ராத்திரி மழை பெஞ்சிருக்கு’ங்கிறோம். இங்கிலீஷ்ல இந்த ஊகத்துக்குத் தனியா ஒரு சொல் வேணும்: மஸ்ட். ‘சம்ஒன் மஸ்ட் ஹேவ் சேஞ்ச்ட் த பாஸ்வேர்ட் யெஸ்டர்டே.’

‘ஹேவ்’வும் ‘யெஸ்டர்டே’வும் சேர்ந்துடுச்சேன்னு பதற வேண்டாம். மஸ்ட், மைட், குட், ஷுட் இதுக்குப் பின்னாடி வர்ற ‘ஹேவ்’ நிகழ்காலம் கிடையாது. அந்தச் சொற்களுக்கு இறந்த காலம் காட்ட வேற வழியில்லாததால ‘ஹேவ்’ அந்த வேலையைச் செய்யுது. அதனால மூடின காலச் சொல் அங்க தாராளமா வரலாம். கோளாறுக்குக் காரணம் எழுதற ரிப்போர்ட்டுக்கு இந்த வரிசை ரொம்ப உதவும்:

மஸ்ட் ஹேவ்: ஏறக்குறைய உறுதி, நேரடி ஆதாரம் மட்டும் இல்ல.
மைட் ஹேவ், குட் ஹேவ்: இருக்கலாம்.
கான்ட் ஹேவ்: வாய்ப்பே இல்ல. ‘மஸ்ட் நாட் ஹேவ்’ அமெரிக்காவில கேட்கலாம், பிரிட்டிஷ் கிளையன்ட்டுக்கு ‘கான்ட் ஹேவ்’ எழுதுங்க.
ஷுட் ஹேவ்: செஞ்சிருக்கணும், செய்யல. இது குத்தம் சொல்ற தொனி. கிளையன்ட்டைப் பத்தி எழுதும்போது ரெண்டு தடவை யோசிங்க.

லாக்ல பேரும் நேரமும் பதிவாகியிருந்தா ஊகமே இல்ல, நேரா சிம்பிள் பாஸ்ட்.

‘போயிருக்கார்’ முதல் கேள்வி. தமிழ்ல அது ரெண்டு அர்த்தம். இப்போ சென்னையில இருக்கார்னா ‘ஹி ஹேஸ் கான் டு சென்னை’. வாழ்க்கையில ஒரு தடவையாவது போயிட்டு வந்திருக்கார்னா ‘ஹி ஹேஸ் பீன் டு சென்னை’. ‘ஹேவ் யூ எவர் கான் டு லண்டன்?’னு எதிர்ல நிக்கிறவரையே கேட்டா விநோதமா இருக்கும், ‘பீன்’தான் போடணும். எப்போ போனார்னு சேர்த்தா ரெண்டும் போச்சு: ‘ஹி வென்ட் டு சென்னை ஆன் ஃபிரைடே.’

இன்னொண்ணு, யாரும் கேட்கல ஆனா சொல்லிடறேன். ‘பதில் போடல’ன்னு தமிழ்ல ஒரே எதிர்மறை. இங்கிலீஷ்ல ரெண்டு. ‘ஹி ஹேஸ்ன்ட் ரிப்ளைட்’னா இன்னும் எதிர்பார்க்கிறோம். ‘ஹி டிட்ன்ட் ரிப்ளை’ன்னா அந்த விஷயம் முடிஞ்சது, இனி எதிர்பார்க்கல. தமிழ்ல ‘இன்னும்’ சேர்க்கத் தோணினா ‘ஹேஸ்ன்ட்’. கிளையன்ட் நாளைக்குப் பதில் போடப்போற நேரத்துல ‘யூ டிட்ன்ட் ரிப்ளை’ன்னு எழுதினா சட்டையைப் பிடிக்கிற மாதிரி இருக்கும்.

ஒற்றைக்கொம்பு

நாலாவது வாக்கியம் இன்னும் சும்மா கிடக்கு.

ஒன்ஸ், வென், இஃப், அன்டில், பிஃபோர், ஆஃப்டர், ஆஸ் சூன் ஆஸ். இந்தச் சொற்கள் தொடங்கி வைக்கிற பகுதிக்குள்ள எதிர்காலத்துக்கு ‘வில்’ போடக் கூடாது. ‘வீ வில் இன்ஃபார்ம் யூ ஒன்ஸ் இட் இஸ் டன்.’ வேடிக்கை என்னன்னா, இந்தத் தப்பைத் தமிழ் மேல போட முடியாது. ‘முடிஞ்சதும் சொல்றோம்’, ‘வந்தா கேட்கிறேன்’ இதுல எங்கேயாவது எதிர்காலம் இருக்கா? ‘எதிர்காலம்னா வில்’னு சூத்திரமா படிச்சதோட பலன் இது. தமிழ்ல நினைச்சு எழுதியிருந்தாலே தப்பிச்சிருக்கலாம்.

‘ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்’ மட்டும் சரி. அங்க ‘வென்’னுக்கு ‘எப்போ’ன்னு அர்த்தம், ‘வந்ததும்’னு இல்ல. தமிழாக்கிப் பார்த்தா உடனே பிரிஞ்சுடும்.

எதிர்காலத்துல இன்னொரு சிக்கல், ‘நாளைக்கு வர்றேன்’. தமிழ்ல அது நிகழ்கால உருவம். இங்கிலீஷ்ல ‘ஐ கம் டுமாரோ’ எழுதக் கூடாது. ஏற்கெனவே பேசி ஏற்பாடு ஆகிட்டா ‘ஐ ஆம் கமிங் டுமாரோ’. மனசுல முடிவு பண்ணி வெச்சிருந்தா ‘ஐ ஆம் கோயிங் டு...’. அந்த நிமிஷமே ஒத்துக்கிட்டா, அதாவது ‘நான் பாத்துக்கிறேன் விடுங்க’ மாதிரி, ‘ஐ வில் டேக் கேர் ஆஃப் இட்’. கால அட்டவணைப்படி நடக்கிறதுக்கு மட்டும் வெறும் பிரசன்ட்: ‘த டிரெயின் லீவ்ஸ் அட் எய்ட்.’ கான்ஃபரன்ஸ் கால்ல யாராவது வேலை கொடுக்கும்போது ‘ஐ ஆம் கோயிங் டு டூ இட்’னு பதில் சொன்னா ‘அதான் ஏற்கெனவே செய்யப்போறேனே’ன்னு எரிச்சல் படற மாதிரி கேட்கும். அங்க ‘வில்’தான்.

அடுத்தவர் சொன்னதை எழுதும்போது, ‘வருவேன்னு சொன்னார்’ல தமிழ் ‘வருவேன்’னை அப்படியே வெச்சுக்குது. இங்கிலீஷ் ஒரு படி பின்னால தள்ளும்: ‘ஹி செட் ஹி வுட் கம்.’ சொன்ன விஷயம் இப்பவும் உண்மையா இருந்தா தள்ளாம விடலாம்.

இதெல்லாம் எழுத்துக்கு. பேச்சுல வேற ரெண்டு தொல்லை. ‘ஐ ஹேவ்’ வேகத்துல ‘ஐவ்’னு சுருங்கி அந்த ‘வ்’வும் காதுல விழாது. கேட்கலேன்னு நீங்களும் விட்டுப் பேசினா ‘ஐ டன் இட்’, ‘ஐ சீன் இட்’னு வந்து நிக்கும். ‘ஐட்’னு கேட்டா அது ஹேட்டா வுட்டான்னு அடுத்த சொல்லைப் பார்த்துத்தான் தெரியும்: ‘ஐட் கான்’ன்னா ஹேட், ‘ஐட் கோ’ன்னா வுட். ‘ஐட் கம்’ ரெண்டுக்கும் பொது, சூழ்நிலைதான் சொல்லணும்.

அடுத்தது ‘-இடி’ விகுதி. ஃபிக்செட், செக்கெட், கால்லெட்னு தனி அசையா உச்சரிக்காதீங்க. ஃபிக்ஸ்ட், செக்ட், கால்ட். ‘வான்ட்’ மாதிரி வல்லின ‘ட்’லயோ, ‘நீட்’ மாதிரி அதோட மெல்லிய ஒலியிலயோ முடியற வெர்புக்கு மட்டும்தான் தனி அசை: வான்டிட், நீடிட், அப்டேட்டிட்.

‘டிட்’ வந்தா வெர்ப் மூல வடிவத்துக்குத் திரும்பிடணும். ‘டிட்ன்ட் வென்ட்’ இல்ல, ‘டிட்ன்ட் கோ’. மூணாவது வடிவத்துல கவனம் வேண்டியது கொஞ்சம்தான். கம்-கேம்-கம், ரன்-ரேன்-ரன், கோ-வென்ட்-கான், சீ-சா-சீன், டூ-டிட்-டன், ரைட்-ரோட்-ரிட்டன், பிகின்-பிகேன்-பிகன். ‘ஹேஸ் கேம்’, ‘ஹேவ் ரோட்’ ரெண்டும்தான் மெயில்ல அதிகம் கண்ணுல படுது. ‘ரீட்’ எழுத்து மூணுக்கும் ஒண்ணு, ஆனா இறந்த காலத்துல ‘ரெட்’னு படிக்கணும்.

பயிற்சின்னு கேட்டா, அனுப்பின மெயில்ல பத்தை எடுங்க. காலச் சொல்லுக்கெல்லாம் வட்டம், ஹேவ்-ஹேட்டுக்கெல்லாம் கோடு. ஒரே வாக்கியத்துல மூடின காலச் சொல்லும் ‘ஹேவ்’வும் இருந்தா தப்பு (மஸ்ட், மைட் மாதிரி சொல்லுக்குப் பின்னாடி வர்ற ‘ஹேவ்’வைத் தவிர). ஒரு பத்தியில ‘ஹேட்’ இருந்து, பக்கத்துல வேற சிம்பிள் பாஸ்ட் ஒண்ணுமே இல்லேன்னா ஏறக்குறைய தப்பு. பன்னெண்டு டென்ஸையும் எழுதிப் பழகறதை விட இது மேல். ஃப்யூச்சர் பெர்ஃபெக்ட் கன்டினியூஸெல்லாம் சப்போர்ட் மெயில்ல வர்றது அபூர்வம்.

நைட்ஷிஃப்ட்

நீங்க எல்லாரும் சொன்னதை வெச்சு ஒரு மெயிலைத் திருப்பி எழுதினேன். பாருங்க.

‘த சர்வர் வென்ட் டவுன் அட் 4:10 பிஎம் யெஸ்டர்டே. பை த டைம் யுவர் மெசேஜ் அரைவ்ட், வீ ஹேட் ஆல்ரெடி ஸ்டார்டட் த ரீஸ்டார்ட். வீ பிராட் இட் பேக் அட் 4:40, அண்ட் இட் இஸ் வொர்க்கிங் ஃபைன் சின்ஸ் தென். அ ஷெட்யூல்ட் ஜாப் மஸ்ட் ஹேவ் ஃபில்ட் த டிஸ்க். வீ ஹேவ் அட்டாச்ட் த லாக். வீ வில் ஷேர் த ஃபுல் ரிப்போர்ட் ஒன்ஸ் த அனாலிசிஸ் இஸ் கம்ப்ளீட்.’

மெய்ப்பு

‘பை த டைம்’ வாக்கியத்தில் ‘ஹேட்’ கச்சிதம். ‘அட்டாச்ட்’டுக்கு ‘ஹேவ்’ போட்டதும் சரி, கோப்பு இப்போது அந்த மெயிலோடு இருக்கிறது. ஒரே ஒரு இடம்: ‘இட் இஸ் வொர்க்கிங் ஃபைன் சின்ஸ் தென்’. ‘அப்போலேருந்து’ வந்துவிட்டதால் ‘இட் ஹேஸ் பீன் வொர்க்கிங் ஃபைன் சின்ஸ் தென்’. ‘சின்ஸ் தென்’னை எடுத்துவிட்டு ‘இட் இஸ் வொர்க்கிங் ஃபைன் நவ்’ என்றும் எழுதலாம். ஆனால் இடையில் மறுபடி விழவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வது முதலாவதுதான். கிளையன்ட்டுக்கு வேண்டியதும் அதுவே.